ஈஸ்வரமூலி படர்ந்த வேலி

தளிக்குப் பட்டாம்பூச்சி பார்க்க வரும் நண்பர்கள் முதல் நாள் இரவே போன் செய்து, "இப்ப என்ன பூ பூத்திருக்கு?" என்று கேட்பார்கள். பெங்களூர்க்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், ஓசூர்க்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எந்த வேலி இன்னும் வெட்டுப்படாமல் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பூவைத் தேடிப் போனால் படம் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. உண்ணிச்செடிப் புதர் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஏழெட்டு இனம் வந்து போகும். ஆனால் அந்தப் பூச்சி எங்கே பிறந்தது, எதைத் தின்று வளர்ந்தது, வரும் வருஷமும் இங்கே இருக்குமா என்பதையெல்லாம் பூவிடம் கேட்க முடியாது. இலையிடம்தான் கேட்க வேண்டும். நான் இந்தப் பக்கத்து வேலிகளையும் ஏரிக்கரைகளையும் சுற்றுவது ஒரு பூச்சிக்காக. சுற்றச் சுற்ற அது ஒரு கொடிக்காக என்று ஆகிவிட்டது.

பூச்சியின் பெயர் கிரிம்சன் ரோஸ். பெயரில் ரோஸ் இருந்தாலும் ரோஜாச் செடிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் பக்கத்துப் பட்டாம்பூச்சிகளில் பெரியவற்றில் ஒன்று. சிறகை விரித்தால் 9 முதல் 11 சென்டிமீட்டர் வரை இருக்கும். கறுப்பு என்றால் வெறும் கறுப்பு இல்லை. வெயில் சாய்வாக விழும்போது நீலம் கலந்த பளபளப்பு ஒன்று ஓடி மறையும். முன்சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், நரம்புகளால் துண்டு துண்டாக வெட்டப்பட்டவை. பின்சிறகின் ஓரத்தில் ரத்தச் சிவப்பில் பிறைகளும் புள்ளிகளும். பின்னால் வால். இவை எல்லாவற்றையும்விட உடம்பைக் கவனிக்க வேண்டும். தலையும் மார்பின் பக்கங்களும் வயிறும் குங்குமத்தில் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கல்.

1758-இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது டிராய் நகரத்து வீரன் ஹெக்டரின் பெயரைக் கொடுத்தார். மார்பில் ரத்தக் கறை போன்ற சிவப்பு உள்ள வால் பூச்சிகளை டிராய் வீரர்கள் என்று ஒரு கூட்டமாகச் சேர்த்து, அந்த யுத்தத்து ஆட்களின் பெயர்களைப் பங்கிட்டுக் கொடுத்தார் அவர். ஆனால் இந்த ஹெக்டர் டிராய்க்குப் போனதே இல்லை. இந்தியாவும் இலங்கையும்தான் இதன் உலகம். அதைத் தாண்டி வெளியே இதைப் பார்ப்பது அரிது.

இனி ஊர். ஓசூரிலிருந்து தெற்கே மதகொண்டப்பள்ளி வழியாக வந்தால் தளி. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்னதை இன்றும் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும். மானாவாரி நிலத்தில் ராகி, அவரை, கொள்ளு. ஜவளகிரிப் பக்கம் போனால் காடு தொடங்கிவிடும். அந்தக் காடு ஒரு பக்கம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவையும் இன்னொரு பக்கம் காவிரியை ஒட்டிய மலைக்காடுகளையும் தொடுகிறது. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்த 504 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தத் தொடரில்தான் இருக்கிறது. 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. ராகி கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். ஆகவே ஐப்பசிக்கு மேல் காட்டோரம் போவதென்றால் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பட்டாம்பூச்சி பார்க்கிறவன் இரண்டடிக்குள் இருக்கிற இலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். இருபதடியில் யானை நின்றாலும் அவனுக்குத் தெரியாது.

நல்லவேளை, கிரிம்சன் ரோஸைத் தேடி அடர்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. காடு முடிந்து வயல் தொடங்கும் விளிம்பு, ஏரிக்கரை, பாழ் நிலம், பழைய உயிர்வேலி ஆகியவைதான் அது அதிகம் தென்படும் இடங்கள். வருஷம் முழுவதும் ஒன்றிரண்டு கண்ணில் படும் என்றாலும், மழை பிடித்து கொடிகள் தழைத்த பிறகு, ஆவணி தொடங்கி மார்கழி வரை, அதன் காலம்.

ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிற எனக்குக் காலை நேரம்தான் வாய்க்கிறது. அது நல்லதாகவும் போயிற்று. தளியில் மார்கழிக் காலையில் ஏழு மணிக்கும் பனி விலகாது. இரவு குளிரில் விறைத்துப்போன பூச்சி வெயில் ஏறியதும் புதரின் உச்சிக்கு வந்து, நான்கு சிறகையும் தட்டையாக விரித்துக் காயும். நகராது. பகலில் எவ்வளவு துரத்தினாலும் கிடைக்காத படம் அந்தச் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். நேர் வெயிலில் எடுக்காதீர்கள். வெள்ளைப் பட்டை வெளுத்துப்போய் வெறும் காகிதமாகத் தெரியும், கறுப்பு கரிக்கட்டையாகிவிடும். வெள்ளைப் பட்டைக்கு வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணி, ஒரு சுற்றுக் குறைத்து வைத்துக்கொண்டால் சிவப்பும் நீலப் பளபளப்பும் தங்கும். மேகம் போட்ட நாள் இன்னும் உத்தமம். பூவில் தேன் குடிக்கும்போது எடுப்பதென்றால் வேறு கதை. இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பூவில் உட்கார்ந்தாலும் முன்சிறகை அடித்துக்கொண்டே குடிக்கும். ஆயிரத்தில் ஒரு விநாடிக்குக் குறைவாக ஷட்டரை வைக்காவிட்டால் சிறகு புகை மாதிரிதான் விழும்.

படம் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு வருகிற அடுத்த சோதனை, எடுத்தது கிரிம்சன் ரோஸ்தானா என்பது. இதே ஏரிக்கரையில் இதே கறுப்பு, இதே வெள்ளைப் பட்டை, இதே சிவப்புப் பிறைகளோடு இன்னொன்று பறக்கும். அது கறிவேப்பிலை அழகி என்று நாம் சொல்லும் காமன் மார்மன் இனத்துப் பெண். காமன் மார்மன் ஆண் எளிமையானது, கறுப்பில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி. பெண்ணுக்கோ மூன்று வேஷம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற பூச்சியைப் போல. மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல. இவற்றை ஒரு காலத்தில் தனித்தனி இனங்கள் என்றே எண்ணினார்கள். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்தான் 1865-இல் வெளியான தன் ஆய்வில் எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள் என்று எடுத்துக்காட்டினார். பிறகு 1910-களில் ஃப்ரையர் என்பவர் இலங்கையில் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த வேஷத்து மகள் பிறக்கிறாள் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் முடிச்சு அவிழ நூறு வருஷம் ஆயிற்று. 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, உடம்பில் ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கிற 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஒரு மரபணுதான் இந்த வேஷங்களையும் மாட்டிவிடுகிறது என்று காட்டியது. அந்த ஆய்வுக் குழுவில் முதல் பெயர் கிருஷ்ணமேக் குண்டே. அவர் பணிபுரிவது பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். தளியிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்துகொண்டு அவர் அவிழ்த்தது, நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் முட்டையிடுகிற பூச்சியின் ரகசியத்தை.

வேஷம் எதற்கு என்றால், கிரிம்சன் ரோஸ் விஷம் உள்ளது. அதைக் கொத்திப் பார்த்த குருவி மறுபடி தொடாது. காமன் மார்மனுக்கு விஷம் இல்லை. விஷக்காரியின் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பிக்கிறது. களத்தில் பிரித்துப் பார்க்க ஒரே வழியைத்தான் நான் நம்புகிறேன். உடம்பைப் பார்க்க வேண்டும். சேலையைக் காப்பியடித்த கறிவேப்பிலை அழகிக்கு உடம்பின் சிவப்பைக் காப்பியடிக்க வரவில்லை. அது கறுப்பாகவே இருக்கும். சிறகுப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் பூச்சி பறந்துவிடும். தூரத்தில் பறக்கும்போது உடம்பு தெரியாதே என்பீர்கள். அப்போது நடையைப் பாருங்கள். கிரிம்சன் ரோஸ் அவசரப்படாது. சிறகை ஆழமாக அடிக்காமல், தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்தவர் தெருவில் போகிற தோரணையில் போகும். மற்றது பதறும், வளையும், திடீரென்று தாழும். எவ்வளவு நல்ல வேஷமானாலும் பயம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கொடி வருகிறது. அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்பது தாவரவியல் பெயர். நம் வைத்தியத்தில் ஈஸ்வரமூலி, கருடக்கொடி, பெருமருந்து என்று பல பெயர்கள். தளிப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் எனக்கு அதைக் கன்னடப் பெயரில்தான் அறிமுகம் செய்தார்; அந்தப் பெயரில் 'பேரு' என்றால் வேர். "அது ஈஸ்வரி பேரு சார். ஆடு தொடாது. எங்கப்பா காலத்துல வாசப்பக்கம் வெச்சிருப்பாங்க, பாம்பு அண்டாதுன்னு." பாம்பு அண்டுமா அண்டாதா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. கடித்தால் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேரைத் தேடக் கூடாது என்பதை மட்டும் அவரிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

கொடியை அடையாளம் காண்பது பழக வேண்டிய வேலை. பூவைத் தேடிப் பயனில்லை. பூ சின்னது; வெளிறிய பச்சையில் வளைந்த குழல், வாயில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒற்றை நாக்கு. பொடி ஈக்கள் அந்தக் குழலுக்குள் இறங்கும். உள்ளே கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் அவற்றைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருந்து, மகரந்தம் ஒட்டிய பிறகு வாடி வழிவிடும். இலையோ ஒரே கொடியில் ஒன்று நீளமாக, ஒன்று அகலமாக, ஒன்று நடுவில் இடுங்கி இருக்கும். ஆகவே இலையின் வடிவத்தை நம்பாதீர்கள். அடியிலிருந்து ஒன்றாகக் கிளம்பும் நரம்புகளைப் பாருங்கள், ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். ஒரு மாதிரிக் காட்டமான மணம் வரும். ஒரு தரம் மோந்தால் மறக்காது. தை, மாசியில் இலை உதிர்ந்த பிறகு இன்னும் சுலபம். காய் காய்ந்து காம்புப் பக்கத்திலிருந்து ஆறாகப் பிளந்து, தலைகீழான குட்டிப் பாராசூட் போல வேலியில் தொங்கும். அதைப் பார்த்தால் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணியில் அங்கே வேலை இருக்கிறது.

அந்த ஆவணி வேலையைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல ஆசை.

முட்டையிட வந்த பெண் பூச்சியை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பூவைக் கண்டுகொள்ளாது. முழங்கால் உயரத்தில், புதருக்குள்ளேயே நுழைந்து நுழைந்து, படபடவென்று மெதுவாகத் திரியும். ஓர் இலையைத் தொடும், விலகும். இன்னொன்றைத் தொடும், விலகும். குனிந்து உட்கார்ந்து பார்த்தால் அது இலையில் உட்காரவில்லை என்பது தெரியும். சிறகை அடித்துக்கொண்டே முன்னங்கால்களால் இலையைத் தட்டுகிறது. பட்டாம்பூச்சிக்குக் காலில்தான் நாக்கு. அங்கேயிருக்கும் நுண்ணுணர்விகள் இலையின் ரசத்தைச் சுவைத்துப் பார்த்து இது நம் கொடிதானா என்று முடிவு செய்யும். கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான் என்று பத்துக் கொடி பின்னிக் கிடக்கிற வேலியில், கண் பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிற இடத்தில், அது ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வந்து ஈஸ்வரமூலியைத் தொட்டதும் நிற்கிற அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும். தட்டல் மாறும். வயிறு வில்லாக வளையும். இலையின் அடிப்பக்கத்திலோ இளந்தண்டிலோ ஒற்றை முட்டை. அதோடு சரி, அடுத்த இலைக்கு நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் கொட்டி வைக்காது. ஒரு கொடி எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிரித்து வைத்தவை பிழைத்தன, அவற்றின் வம்சம் நின்றது, விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் மண்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கம் மனதுக்குப் போதுவதில்லை.

முட்டை செம்பழுப்பு உருண்டை. லென்ஸில் பார்த்தால் மேலே சொரசொரப்பான பூச்சு இருக்கும். சில நாளில் வெளிவரும் புழு முதலில் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு துளிரை. வளர வளர கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கறுப்பு உடம்பில், வரிசை வரிசையாகச் சதைக் கொம்புகள், அவற்றின் நுனியில் சிவப்பு. காமன் ரோஸின் புழுவும் இதே கொடியில், இதே தோற்றத்தில் இருக்கும். ஆனால் அதன் நடு உடம்பைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று ஓடும். கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு அது கிடையாது. ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பிளவுபட்ட கொம்பு ஒன்றை வெளியே தள்ளும். கூடவே ஒரு நாற்றம். எறும்பையும் சின்ன எதிரிகளையும் விரட்ட அது போதும்.

பசி என்றால் அப்படியொரு பசி. கடைசிக் கட்டத்தில் ஒரே புழு ஒரு முழக் கொடியை நாலைந்து நாளில் மொட்டையாக்கிவிடும். இலை தீர்ந்தால் இளந்தண்டையும் கடிக்கும். நிறைந்ததும் கொடியை விட்டு இறங்கி, பக்கத்துக் குச்சிக்கோ வேலியில் நட்ட கல்தூணுக்கோ போய், இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சுருங்கிய சருகு என்று நினைத்துக் கடந்துபோக வேண்டியதுதான், அவ்வளவு சாமர்த்தியம். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதமோ சற்றுக் கூடவோ ஆகும்.

வீட்டுக்குக் கொண்டுபோய் டப்பாவில் வளர்த்தால் பக்கத்திலிருந்து பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே வரிசையில், இந்தப் பூச்சிக்கும் இடம் கொடுத்திருந்தது. சட்டத்தை விடுங்கள். கொடியிலேயே வைத்துப் பார்த்தால்தான் எது அதைக் கொல்கிறது, எது விட்டுவிடுகிறது என்பது தெரியும். டப்பாவில் வளர்ப்பது புழுவின் வாழ்க்கை அல்ல, நம் பொழுதுபோக்கு.

அந்தப் புழு தின்பது சாமானிய இலை கிடையாது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு அந்த இனக் கொடிகளில் இருக்கிறது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடம்பு இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப்போனபோது மாத்திரையில் அரிஸ்டோலோக்கியா இன மூலிகை கலந்திருந்தது தெரிந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் பட்டியலிட்டிருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று இந்த வேரை அரைத்துக் குடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் சிறுநீரகத்தைத் தின்கிற அந்த நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, கூட்டுப்புழுவுக்குக் கொடுக்கிறது, சிறகு முளைத்த பூச்சி வரை அது போய்ச் சேர்கிறது. சிவப்பு உடம்பு அதற்கான விளம்பரப் பலகை. பின்சிறகில் அலகு பதிந்த ஓட்டையோடும் வால் இல்லாமலும் சாவகாசமாகப் பறக்கிற கிரிம்சன் ரோஸ்களை அடிக்கடி பார்க்கிறேன். யாரோ கொத்தியிருக்கிறார்கள், கசந்திருக்கிறது, துப்பிவிட்டார்கள். உடம்பும் ரப்பர் மாதிரி. ஒரு கொத்துக்கு நசுங்காது.

மாலையில் இவை கூட்டமாக அடையும். முள்மரக் கிளையிலோ உலர்ந்த குச்சிகளிலோ பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல், வரிசையாகத் தொங்கும். முன்சிறகைத் தாழ்த்திப் பின்சிறகை மூடிக்கொள்ளும்போது வெள்ளைப் பட்டைதான் எடுப்பாகத் தெரியும். தளி ஏரிப் பக்கம் ஒரு கருவேல மரத்தில் அப்படி அடைவதை நான் பார்ப்பதுண்டு. கூட்டமாக இருந்தால் சிவப்பும் கூட்டமாகத் தெரியும், விரோதிக்கு எச்சரிக்கை பெரிதாகக் கேட்கும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். இருக்கலாம். காட்டோர மரங்களில் இதைவிடப் பெரிய அடைசல்கள் இருக்கக்கூடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தி சாயும் நேரத்தில் ஜவளகிரிப் பக்கம் நின்று மரம் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் வேண்டாம்.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட முடியாது. எங்களைப் போன்ற படக்காரர்களுக்கு அது செல்லப் பிள்ளை. வருஷமெல்லாம் பூக்கும், பூச்சி வந்து உட்காரும். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த அது, இன்று இந்தக் காடுகளின் அடித்தளத்தைப் போர்த்திக்கொண்டு புல்லையும் கொடியையும் முளைக்க விடுவதில்லை. சிறகு முளைத்த பூச்சிக்கு அது டீக்கடை. புழுவுக்கு அதில் ஒரு கவளம் கிடையாது. உண்ணிச்செடி நிறைந்த இடத்தில் பூச்சி நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் டீக்கடைக் கூட்டத்தை வைத்து ஊரில் விளைச்சலைக் கணக்குப் போடுகிறார்கள்.

காட்டுக்குச் சரணாலயம் என்ற பெயர் கிடைத்துவிட்டது. யானைக்கு அகழியும் சூரிய மின்வேலியும் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். கிரிம்சன் ரோஸ் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே வாழ்கிறது. முன்பெல்லாம் இங்கே வேலி என்றால் திருகுகள்ளி, கிளுவை, கற்றாழை, அவற்றின்மேல் தானாக வந்து ஏறிய பத்து வகைக் கொடி. ஓசூர் தொழிற்பேட்டை வளர வளர, நிலத்தின் விலை இந்தப் பக்கம் நடந்து வந்துவிட்டது. ஏக்கரில் பேசியவர்கள் சதுர அடியில் பேசுகிறார்கள். வாங்கியவர் முதலில் செய்கிற வேலை ஜேசிபியைக் கொண்டுவந்து எல்லையைச் 'சுத்தம்' செய்வது. அடுத்தது கல்தூண் நட்டுக் கம்பி இழுப்பது. அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு தரம் களைக்கொல்லி. பூச்சியைப் பிடித்தால் சட்டம் கேட்கும். அதன் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே சோற்றை வேரோடு பிடுங்கினால் கேட்க ஆள் இல்லை. ஏரிக்கரையிலும் அதே கதைதான். போன வருஷம் புழு நெளிந்த இடத்தை இந்த வருஷம் யாரோ வழித்துச் சுரண்டிச் சமமாக்கியிருப்பார்கள். கேட்டால், புதர் இருந்தால் பாம்பு வருகிறது என்பார்கள்.

பசுமைக்குடில் வைத்து ரோஜா வளர்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தளியில் இஸ்ரேல் கூட்டுறவோடு கொய்மலர்களுக்கான மையமே இருக்கிறது. இந்த மண்ணுக்கும் குளிருக்கும் மலர்ச் சாகுபடி பொருந்தி வந்துவிட்டது. பிப்ரவரி 14-க்கு முன்னால் தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜா பெட்டி பெட்டியாக இங்கிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகிறது. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. நான் கேட்பது குடிலுக்கு வெளியே இருக்கிற நாலடி விளிம்பை மட்டும்.

அழகுக்காக வீட்டில் கொடி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நர்சரிகளில் குழல் போல, வாத்துப் போல விநோதப் பூ பூக்கும் வெளிநாட்டு அரிஸ்டோலோக்கியா கொடிகள் கிடைக்கின்றன. பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறேன் என்று சிலர் அதை வாங்கி நடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சி, அழகுக்காகக் கொண்டுவந்த அப்படியொரு கொடியைத் தன் கொடி என்று நம்பி முட்டையிட்டது. பிறந்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. அங்கே தன்னார்வலர்கள் அந்தக் கொடியைத் தேடிப் பிடுங்கி, உள்ளூர்க் கொடியை நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அந்தப் பரிசோதனையை இங்கே நடத்திப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஊர்க் கொடியின் விதை வேலியிலேயே தொங்குகிறது, இறகு வைத்த தட்டை விதை. மாசியில் எடுத்து வைத்து ஆடியில் ஊன்றினால் போதும்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. வேலியை வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈஸ்வரமூலி எது என்று ஒரு தரம் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் மார்கழி வரை அதன்மேல் அரிவாள் வைக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தை கழித்து, இலை உதிர்ந்த பிறகு தரைமட்டத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். வேரை மட்டும் தோண்டாதீர்கள். அடிவேர் கட்டை மண்ணுக்குள் இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.